சுட்டுவிரல் அனுமதி

நோர்வேயில் ஒருவரும் உங்களுக்கு 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. 'இதைப் பற்றி நாங்கள் ஓர் உரையாடல் வைத்துக்கொள்ளலாம்' என்பார்கள். உரையாடலுக்குக் கோப்பி தருவார்கள், சில இடங்களில் வாஃபிளும் தருவார்கள். குடித்து, தின்று, கைகொடுத்து, வெளியே வந்து, ஐந்தாம் இலக்க ரயிலில் ஏறி ரொம்மன் நிலையம் தாண்டும்போதுதான் அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டது உங்களுக்கு உறைக்கும். அதற்குள் கோப்பிக்கு நன்றியும் சொல்லியிருப்பீர்கள்.

நகரத்தின் ஓரத்தில் இருக்கிற எங்கள் வெஸ்ட்லியில் இந்த உரையாடல்களில் அதிகம் பழகியவர் யோகலிங்கம். பாண் தொழிற்சாலையில் பொதியிடும் பகுதியில் வேலை. அகதியாக வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, நோர்வேயின் சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்து எத்தனையோ காலம். ஆனாலும் கழுத்தில் அட்டை தொங்குகிற யாரைக் கண்டாலும் அவருடைய கை தானாகவே உள்பொக்கற்றுக்குப் போகும். ஒருமுறை மீன்கடையில் இலவச மாதிரி கொடுத்த பெடியனுக்கும் அடையாள அட்டையை எடுத்து நீட்டியவர்.

இந்த மனிதருக்கு இந்த வருடம் ஒரு பெரிய காரியம் நடந்தது. கோண்டாவிலில் இருந்து அவருடைய தமக்கை கிருஷ்ணகுமாரி வந்து சேர்ந்தார். இரண்டு தரம் விசா மறுத்து மூன்றாம் தரம்தான் கிடைத்தது. குறித்த நாளில் திரும்பிப் போவார், எந்தச் சிக்கலும் வராது என்று யோகலிங்கம் எழுதிக்கொடுத்திருந்தார். எழுதிக்கொடுத்த நாளில் இருந்து அவருக்கு நித்திரை குறைவு. சின்னப் பிசகு வந்தாலும் அடுத்த முறை கதவு திறக்காது என்ற பயம். அதனால் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற, இருபது வேலையாட்களை மேய்த்த தமக்கைக்கு அவர் விமான நிலையத்திலேயே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். சிவப்பு விளக்கில் கடக்கக்கூடாது. ரயிலில் சத்தமாகக் கதைக்கக்கூடாது. பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து 'அடீக்' என்று விரட்டக்கூடாது.

"இஞ்சை மூச்சு விடலாமோ, அதுக்கும் எழுதிக் குடுக்கவேணுமோ?" என்று கேட்டார் தமக்கை.

அவர் இங்கே எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு படம்.

அந்த நாளில் யோகலிங்கம் வந்த புதிதில் இரவல் வாங்கிய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நகரத்தின் பழைய இடங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். அரண்மனைக்கு முன்னால், பாராளுமன்றத்துச் சிங்கத்துக்குப் பக்கத்தில், கோட்டைப் பீரங்கியில் கைவைத்தபடி. எல்லாம் கோண்டாவில் வீட்டின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

"எல்லாப் படத்திலையும் நீ தனிய நிக்கிறாய்," என்றார் தமக்கை. "வாற போற சனம் கேக்குது, உங்கடை தம்பிக்கு அங்கை ஒருத்தரும் இல்லையோ எண்டு. நானும் நீயும் நிக்கிற மாதிரி ஒண்டு வேணும். வீட்டுக்குள்ளை எடுத்தது சரிவராது, அது பக்கத்து ஊர் இணுவிலிலை எடுத்த மாதிரி இருக்கும். பழைய கட்டடம் முழுசாத் தெரியவேணும். காலும் தெரியவேணும்."

கால் தெரியாத படத்தை எங்கள் ஆட்கள் படம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே கைத்தொலைபேசியை நீட்டித் தாமே எடுக்கிற வித்தை இங்கே செல்லாது. எடுக்க ஒரு ஆள் வேண்டும். மகள் வினோஜா வருவதாகச் சொன்னாள். இங்கே பிறந்து, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். யோகலிங்கத்தின் மனைவி விமலாதேவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஐஸ்கிறீம் பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டுப் போனார். யோகலிங்கத்துக்கும் தொழிற்சாலையில் லீவு கிடைத்தது கடைசியில்தான். தமக்கைக்கு அடுத்த நாள் காலையில் விமானம்.

ஆக, ஒரு படத்துக்காக ஒரு பகல் இருந்தது. அது போதும் என்று மூவரும் நினைத்தார்கள்.

பழைய நகரத்தின் நடுவில் கிறிஸ்தியானியா சதுக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் எரிந்துபோக, ராசா வந்து இந்த இடத்தைக் கைகாட்டி, இஞ்சைதான் புது நகரம் என்றாராம். அந்த நினைவாகச் சதுக்கத்தின் நடுவில் ஒரு பெரிய வெண்கலக் கையுறை நிற்கிறது. ஆள் இல்லை, கையுறை மட்டும். சுட்டுவிரல் நிலத்தைக் காட்டுகிறது. சுற்றிவரப் பழைய கட்டடங்கள், நல்ல வெயில், தமக்கை காஞ்சிபுரத்துக்கு மேலே வினோஜாவின் ஜாக்கெற்றும் கீழே விளையாட்டுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்த இடத்திலைதான் ராசா கையைக் காட்டினவர்," என்று சொல்லி யோகலிங்கம் கையை நீட்டிக் காட்டினார்.

அவ்வளவுதான் அவர் செய்தது.

பச்சை மேற்சட்டை போட்ட ஓர் இளம்பெண் எங்கிருந்தோ வந்தாள். கழுத்தில் அட்டை. நோர்வேஜிய மொழியில், நோயாளியிடம் கதைக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"வணக்கம். என் பெயர் எம்மா. வரலாற்றுச் சந்திப்பு அலுவலகம். மன்னிக்க வேண்டும், நீங்கள் இப்போது சுட்டிக் காட்டினீர்களா?"

யோகலிங்கத்தின் கை உள்பொக்கற்றுக்குப் போனது.

"இல்லை இல்லை, அடையாள அட்டை வேண்டாம். நாங்கள் அப்படிப்பட்ட அலுவலகம் அல்ல," என்றாள் எம்மா, மனம் புண்பட்டவளாக. "மூன்று பேர் நின்று, ஒருவர் விளக்கிச் சொல்லி, அவரே கையையும் நீட்டினால் அது வழிகாட்டப்பட்ட குழு. அதற்கு முன்னனுமதி வேண்டும். தவறு என்று சொல்லமாட்டேன். தவறு என்ற சொல்லை நாங்கள் போன வருடமே நிறுத்திவிட்டோம். ஓர் உரையாடல் வைத்துக்கொள்வோமா?"

"அப்பா, இது ஹெல்ட் சூக்த்," என்றாள் வினோஜா. "விசர் வேலை. இப்பிடி ஒரு சட்டம் இல்லை. வாங்கோ போவம்."

"சும்மா இரு பிள்ளை. மாமியின்ரை அடுத்த விசா இருக்கு," என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் யோகலிங்கம். பிறகு எம்மாவைப் பார்த்துச் சிரித்து, "ஓம், உரையாடல் நல்லது," என்றார்.

வினோஜா தள்ளிப்போய்த் தன் பாட்டில் நிற்கப் பார்த்தாள். எம்மா பதறிவிட்டாள். "தயவுசெய்து! குழுவில் ஒருவர் இல்லாமல் உரையாடல் நடக்கவே முடியாது. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. அது எங்கள் முதலாவது விதி."

"அந்தக் கையுறையும் கைகாட்டுதே, அதுக்கு ஆர் அனுமதி குடுத்தது?" என்று தமக்கை கேட்டதை வினோஜா மொழிபெயர்த்தாள்.

எம்மா யோசித்தாள். "அவர் மன்னர்," என்றாள். "அது பழைய அனுமதி."

சதுக்கத்தின் மூலையில் இருந்த அலுவலகத்தில் கோப்பி வந்தது. வாஃபிள் வந்தது. அதன்மேல் பழுப்புச் சீஸ் வந்தது. பிறகு பணிப்பாளர் வந்தார். உயரமானவர், கையால் பின்னிய சுவெற்றர், எந்நேரமும் தலையைச் சற்றுச் சரித்து வைத்திருக்கிற பழக்கம். உட்காரவில்லை. யன்னலடியில் நின்று சதுக்கத்தைப் பார்த்தபடி கதைத்தார்.

"பார்ப்பது ஒரு வன்முறை," என்றார். "இந்தக் கட்டடங்கள் தீயைத் தாங்கின, போரைத் தாங்கின. பனி வருடாவருடம் வருகிறது, அதையும் தாங்குகின்றன. ஆனால் பார்க்கப்படுவதை அவை எப்படித் தாங்குகின்றன என்று எவராவது கேட்டதுண்டா? நாங்கள் கேட்டோம். பல வருடம் கேட்டோம்."

"அவை என்ன சொன்னவை?" என்றாள் வினோஜா.

"இடைக்கால அறிக்கைதான் வந்திருக்கிறது," என்றார் பணிப்பாளர். "ஆனால் ஒன்று தெளிவு. பெருந்தொற்றுக் காலத்தில் இந்தச் சதுக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் மிகச் சிறந்த ஆண்டு அதுதான். முறைப்பாடு ஒன்றும் இல்லை, ஊழியர்களின் மனநிறைவு உச்சத்தில் இருந்தது. நகரம் எல்லோருக்கும் உரியது என்ற எங்கள் கொள்கை முழுமையாக நிறைவேறிய ஒரே ஆண்டு. அந்த நிலைக்கு மறுபடி போகவேண்டும். ஆனால் இந்த முறை மக்களையும் சேர்த்துக்கொண்டு போகவேண்டும். அதுதான் சவால்."

யோகலிங்கம் தலையாட்டினார். தமக்கை ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து பணிப்பாளரிடம் நீட்டினார். வந்த வீட்டில் தின்றுவிட்டுச் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. பணிப்பாளர் ஒரு ரோல்ஸைக் கடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார்.

"இது உயிருள்ள மரபுரிமை," என்றார். "சிந்தியாவைக் கூப்பிடுங்கள்."

சிந்தியா அந்த அலுவலகத்தின் பன்முகத்தன்மை ஆலோசகர். கோயம்புத்தூர்ப் பெண். எங்கள் ஆட்களைக் கண்டால் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஆனால் பாதி விளங்காது. எங்கள் ஆட்களுக்கும் அப்படியே.

"வணக்கம்மா! நான் சிந்தியா. ஒண்ணும் பயப்படாதீங்க, இது ரொம்ப இன்க்ளூசிவான ப்ராசஸ். இந்த ஸ்பேஸ்ல நிக்கும்போது உங்களுக்கு என்ன ஃபீல் ஆகுது? மனசு விட்டுப் பேசுங்க."

"கால் உளையுது பிள்ளை," என்றார் தமக்கை. "ஒரு படத்தை எடுத்துப்போட்டுப் போகத்தான் வந்தனாங்கள்."

சிந்தியா பணிப்பாளரிடம் திரும்பி நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "நகரத்தின் பாரத்தைத் தன் உடம்பிலேயே உணர்வதாகச் சொல்கிறார்."

"மாமி அப்பிடிச் சொல்லேல்லை!" என்றாள் வினோஜா.

"இது கான்டெக்ஸ்ட் வச்சுப் பண்ற டிரான்ஸ்லேஷன்ம்மா," என்று சிந்தியா அன்போடு சொன்னாள்.

படத்துக்கு அனுமதி கிடைக்கும் என்றார்கள். அதற்கு முதல் ஒரு சின்ன ஆயத்தம். கட்டடத்தைப் பார்க்கத் தொடங்கமுன் கட்டடம் பார்ப்பவர்களுக்குப் பழகவேண்டுமாம். கைத்தொலைபேசிகள் மரப்பெட்டிக்குள் போயின. கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும், அப்போதுதான் சுட்டவேண்டும் என்ற எண்ணம் எழாது என்றாள் எம்மா. சேலையில் பொக்கற் இல்லை. ஜாக்கெற்றின் பொக்கற்றோ அலங்காரத்துக்குத் தைத்தது, கை போகாது. எம்மா உள்ளே ஓடினாள். பணிப்பாளரும் சிந்தியாவும் அவளுமாக மேசையைச் சுற்றி நின்று வெகுநேரம் கதைத்தார்கள். கடைசியில் கம்பளிக் கையுறைகள் வந்தன. பெருவிரலைத் தவிர மற்ற நான்கு விரலும் ஒரே உறைக்குள் போகிற வகை. சமத்துவத்துக்காக மூவருக்கும் தந்தார்கள். ஜூன் மாத வெயிலில், கம்பளிக் கையுறையோடு, மூவரும் வரிசையாக ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்கு நடந்தார்கள். ஒரு ஜேர்மன் உல்லாசப் பயணி அவர்களைப் படம் எடுத்தான். அவன் தனி ஆள், கதைக்கவில்லை, ஆகவே அவனுக்கு அனுமதி தேவைப்படவில்லை.

கோட்டைச் சுவருக்கு முன்னால் ஒரு மர வாங்கில் உட்காரவைத்து, சுவர் சொல்வதைக் கேட்கும்படி எம்மா சொன்னாள். யோகலிங்கம் உண்மையாகவே கேட்டார். சொன்னால் செய்கிற மனிதர். இதே சுவரடியில், இதே பீரங்கியில் கைவைத்துக்கொண்டு நின்ற நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்குப் படம் எடுத்தது ஆரோ ஒரு வழிப்போக்கன். மெசினை வாங்கி, அமத்தி, திருப்பித் தந்துவிட்டுப் போனான். அந்த மாதம் முழுக்க அவரோடு கதைத்த ஒரே ஆள் அவன்தான். யோகலிங்கம் பக்கத்தில் பார்த்தார். தமக்கை கையுறையை மடியில் வைத்தபடி நல்ல நித்திரை. மெல்லிய குறட்டையும் வந்தது.

எம்மாவின் கண் கலங்கியது. "இவ்வளவு ஆழமான சந்திப்பை நான் கண்டதே இல்லை," என்று கிசுகிசுத்தாள். "நானே இன்னும் இந்த நிலைக்கு வரவில்லை."

தமக்கையின் குறட்டைதான் அனுமதியை வாங்கிக் கொடுத்தது. திரும்பிப் போனபோது சதுக்கத்தில் பணிப்பாளர் நின்றார், சிந்தியா நின்றாள், பெரிய மெசினோடு ஒரு படப்பிடிப்பாளரும் நின்றார். அலுவலகம் ஒரு பிரசாரம் தொடங்கப்போகிறதாம். 'இந்த நகரம் உன்னுடையதும்தான்.' அதற்கு முகம் தேடிக்கொண்டிருந்தார்களாம். அவர்களே எடுத்து, நல்ல தரத்தில் அனுப்பிவைப்பார்கள்.

"ரெண்டு பேரும் நிக்கிற மாதிரித்தானே?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"நிச்சயமாக, நிச்சயமாக," என்றார் பணிப்பாளர்.

"காலும் தெரியவேணும்," என்றார் தமக்கை.

கட்டடம் முழுதாக, கால் தெரிய, இரண்டு பேரும். யோகலிங்கம் தமக்கையின் பக்கத்தில் போய் நின்று தலைமயிரைத் தடவிவிட்டார். படப்பிடிப்பாளர் கண்ணைச் சுருக்கினார். "நீங்கள் ஒரு அடி இடப்பக்கம்." யோகலிங்கம் நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம். வெளிச்சத்துக்காக." நகர்ந்தார். "அருமை. இன்னும் கொஞ்சம்." முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் அவர் மற்றவர்கள் நகரச் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தவர்தான். "படத்திலை நானும் விழுறனோ?" என்று கேட்டார். "நீங்கள் படத்தின் ஆன்மா," என்றார் பணிப்பாளர்.

தமக்கைக்கு எங்கே நிற்பதென்று குழப்பம் வந்தது. பின்னுக்குப் பார்த்து, முன்னுக்குப் பார்த்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "எங்கையடா நிக்க?" என்றார். யோகலிங்கம் கையுறையைக் கழற்றினார். யோசிக்கவில்லை. கையை நீட்டி, "உந்த இடத்திலை நில்லுங்கோ அக்கா," என்று சுட்டிக் காட்டினார்.

மெசின் சத்தம் கேட்டது. இந்த நாட்டுக்காரர் 'ஓம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். எம்மா மூச்சை இழுத்தாள், ஆனால் ஓம் வரவில்லை.

பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அலுவலக நேரம் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் மேற்சட்டைகள், மெசின், சிந்தியா எல்லாம் மறைந்தன. சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. 'சதுக்கம் ஓய்வெடுக்கிறது' என்று எழுதியிருந்தது. திரும்பக் கிடைத்த தொலைபேசியோடு வினோஜா கயிற்றடியில் நின்று, "நான் உள்ளை போய் எடுக்கிறன்," என்றாள்.

"விடு பிள்ளை," என்றார் தமக்கை. களைத்துப்போயிருந்தார். "எடுத்திட்டினம்தானே. பெரிய மெசின். அனுப்புவினம்."

அடுத்த நாள் காலையில் அவர் போய்விட்டார்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது படம் வந்தது. தபாலில் வரவில்லை. வெஸ்ட்லி நிலையத்தின் சுவரில் வந்தது, ஆள் உயரத்துக்கு. பழைய கட்டடம் முழுதாகத் தெரிந்தது. வெண்கலக் கையுறை தெரிந்தது. காஞ்சிபுரமும் விளையாட்டுச் சப்பாத்தும் தெரிந்தன, கால் துலக்கமாக. நடுவில் தமக்கை, தனிய. இடப்பக்க ஓரத்தில், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில், 'இந்த நகரம் உன்னுடையதும்தான்.'

யோகலிங்கம் வேலைக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டார். அடுத்ததையும் விட்டார். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அது அவருக்குப் பழக்கமில்லாத சாமான், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொலைபேசியால் சுவரைப் படம் எடுத்துத் தமக்கைக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார்.

"அக்கா, ஏமாத்திப்போட்டாங்கள்."

"ஏன், நல்லாத்தானே இருக்கு," என்றார் தமக்கை. "பெரிசாக்கிப் பிறேம் போட்டிட்டன். உன்ரை மற்றப் படங்களுக்கு நடுவிலை வைச்சிருக்கு. ஆர் கேட்டாலும் சொல்லுறனான், அது என்ரை தம்பியின்ரை கை எண்டு."

"கையை வைச்சு எப்பிடி நம்புவினம்?"

"ஏன் நம்பாயினம்? பள்ளிக்கூடத்துக்கு நான் பிடிச்சுக்கொண்டு போன கை. எனக்குத் தெரியாதே?"

அதே கிழமை எம்மா தொலைபேசி எடுத்தாள். குரல் வழமையை விட மெதுவாக இருந்தது. ஒரு சங்கடமான விசயம் என்றாள். நகரமெங்கும் ஒட்டியாகிவிட்ட பிறகுதான் கவனித்தார்களாம், சுவரொட்டியில் அனுமதி இல்லாத ஒரு சுட்டுவிரல் இருக்கிறது. மன்னருடையது அல்ல, மற்றது. அது யாருடையது என்று கண்டுபிடிக்கும்படி பணிப்பாளர் சொல்லியிருக்கிறார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தமக்கையின் விசாவை நினைத்தால் அப்படித்தான் சொல்லவேண்டும். யோகலிங்கம் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது என்னுடைய கை," என்றார். "மிச்ச என்னை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

எம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனாள். "நாங்கள் ஓர் உரையாடல் வைத்துக்கொள்ளலாமா?"

"வைக்கலாம்," என்றார் யோகலிங்கம். "ஆனால் அது குழு. ஒருவர் இல்லாமல் நடத்த முடியாது. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. உங்கள் முதலாவது விதி."

எம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். இந்த முறை ஓம் வந்தது.

விதியை மீற அந்த அலுவலகத்தால் முடியாது. கோண்டாவிலுக்கு அழைப்புக் கடிதம் போனது, மேலே முத்திரை, கீழே பணிப்பாளரின் கையெழுத்து. கிருஷ்ணகுமாரி அவர்களின் வருகை நகரத்தின் வரலாற்றுக்கு இன்றியமையாதது என்று அதில் எழுதியிருந்தது. வினோஜா அதை வாசித்துவிட்டு, இப்படி ஒரு கடிதத்தோடு போனால் விசாக்காரர் எழும்பி நின்று குடுப்பினம் என்றாள். நான்காம் தரம் விசா ஒரே கிழமையில் கிடைத்தது.

அன்றைக்குப் பின்னேரம் தமக்கை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ரிக்கெற் போட்டாச்சு. ரோல்ஸ் பொரிக்கச் சொல்லு, அந்த நெட்டைப் பெடியனுக்கும் சேர்த்து."

"ஓம் அக்கா."

"படத்துக்கு நிக்கேக்கை ஒண்டு சொல்லுறன் கேள். ஆர் என்ன சொன்னாலும் நகராதை. கையைக் காட்டவும் வேண்டாம். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நில்."